மணற்படுகை இல்லாப் பவளத் தொட்டியில் நீரோட்டம்

லட்சத்தீவுக் கூட்டத்தின் வட்டப் பவளத்தீவுகளில் ஒன்றை நோக்கினால், ஒரே பாறைத்திட்டின் இரு பக்கங்களும் முற்றிலும் வேறுபட்டிருக்கக் காணலாம். அலை மோதும் வெளி விளிம்பில் மணல் தங்குவதில்லை. அங்குப் பாறை துடைத்தாற்போல் வெறுமையாக இருக்க, அதன்மேல் கல்பவளங்கள் நெருங்கி வளர்கின்றன. விளிம்பைக் கடந்து உட்கழியினுள் புகும் நீரோ வேகம் தளர்ந்து, தான் சுமந்து வந்த துகள்களை இறக்கிவிடுகிறது. ஆதலின் அங்கு வெண்மணல் படிகிறது. கண்ணாடித் தொட்டியில் பவளங்களைப் பேணுவோர் இவ்விரு நிலைகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியவராகின்றனர். அடியில் மணல் பரப்பிய தொட்டி உட்கழியை ஒத்தது. மணலே இல்லாமல் வெறும் கண்ணாடியையோ நெகிழித் தகட்டையோ அடியாகக் கொண்ட தொட்டி வெளி விளிம்பை ஒத்தது. பின்னதில் நீரோட்டமே எல்லாவற்றையும் நடத்த வேண்டியிருத்தலின், அதனை வகுக்கும் முறை ஈண்டு விரித்துரைக்கப்படுகிறது.

முன்னதாக ஒரு செய்தி. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு கல்பவளங்கள் சேர்க்கப்பட்டன. ஆகவே மன்னார் வளைகுடாவிலோ, கச்சு வளைகுடாவிலோ, அந்தமான் கடலிலோ உயிருள்ள பவளத்தை உரிய அனுமதியின்றி எடுப்பது குற்றமாகும். கரையொதுங்கிய பவளக் கல்லைக்கூடப் பள்ளிக் காட்சிக்கெனத் திரட்டுதல் ஆகாது. பவளத் தொட்டிகள் ஆராய்ச்சி நிலையங்களிலும், அனுமதி பெற்ற காட்சிச்சாலைகளிலும், பாறைத்திட்டுகளை மீண்டும் வளர்க்கும் முயற்சிகளைச் சார்ந்த நாற்றங்கால்களிலும் பேணப்படுவன. அங்குப் பணிபுரிவோர்க்குப் பின்வருவன நேரே பயன்படும். ஆசிரியர்கள் பவளமின்றியே செய்து காட்டத்தக்க சோதனை ஒன்றும் இடையே கூறப்படும்.

நீர் ஏன் ஓட வேண்டும்?

பவளம் இடம்பெயரா உயிர். உணவும் பிராணவாயுவும் அதனை நாடி வர வேண்டும். கழிவும் தானே அகல வேண்டும். இவற்றிற்குத் தடையாக நிற்பது பவளத்தின் தோலை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலமாகும். எத்துணை விரைவாக ஓடும் நீரிலும், ஒரு பரப்பை ஒட்டிய நீர் ஏறக்குறைய அசையாமலே இருக்கும். இப்படலத்தின் தடிப்பு ஓட்டம் குன்றிய இடத்தில் ஒரு மில்லிமீட்டரையும் கடக்கும். ஓட்டம் வலுத்த இடத்தில் அதன் சிறு கூறாகச் சுருங்கும். படலத்தினூடே வாயுக்கள் தாமாகப் பரவியே செல்லுதல் வேண்டும். தடிப்பு நான்கில் ஒன்றாகக் குறையின், அதே செறிவு வேறுபாட்டில் கடந்து செல்லும் பிராணவாயு நான்கு மடங்காகும். ஈரத்துணி காற்றடைந்த அறையில் உலராமல் கிடப்பதும், காற்று வீசும் முற்றத்தில் விரைவில் உலர்வதும் இதே காரணத்தாலாம்.

பவளத்தின் திசுக்களில் ஒற்றை உயிரணுப் பாசிகள் குடியிருக்கின்றன என்பது ஆசிரியர்கள் அறிந்ததே. பகலொளியில் இப்பாசிகள் வெளிவிடும் பிராணவாயு படலத்தில் தேங்கி, சுற்றியுள்ள நீரில் இருப்பதைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும் பெருகுவதுண்டு. இரவில் பாசியும் பவளமும் ஒருங்கே மூச்சுவிடுதலால் அதே படலத்தில் பிராணவாயு அற்றுப்போகும் நிலை நேரும். பகலில் மிகையும் இரவில் வறுமையுமாகிய இவ்விரு துன்பங்களையும் ஒருசேரத் தீர்ப்பது நீரோட்டம் ஒன்றே. 1998ஆம் ஆண்டில் கடல்நீர் வெப்பம் மிகுந்து உலகின் பல பகுதிகளில் பவளங்கள் வெளிறி மாண்டன. அதனையொட்டி ஜப்பானின் ஒகினாவாத் தீவுப் பகுதியில் நடந்த ஆய்வுகள், ஓட்டம் வலுத்த நீரில் இருந்த பவளங்கள் வெப்பத்தைத் தாங்கிப் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்று காட்டின. நம் நாட்டில் கோடைக் காலத்துத் தொட்டிகளைப் பேணுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்; குளிர்விக்கும் பொறி பழுதுற்ற நாளில் ஓட்டத்தைக் குறைப்பது பெருந்தவறாக முடியும்.

1961ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரத்து லீ சின் எங் என்பார், உயிருள்ள பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே துணையாகக் கொண்டு கடலுயிர்களைப் பேணும் முறையை வெளியிட்டார். குமிழிகள் எழுப்பிய மெல்லிய ஓட்டம் பல உயிர்களுக்குப் போதுமானதாயிற்று. ஆயினும் அலை விளிம்பில் வாழும் மான்கொம்புப் பவளம் முதலிய கிளைப் பவளங்களுக்கு அது போதாது. நுரை பிரிப்பானும் வலிய பம்புகளும் வந்த பின்னரே அவற்றைத் தொட்டியில் நெடுநாள் வளர்த்தல் இயல்வதாயிற்று. மணலை அறவே நீக்கும் வழக்கமும் அதன் பின்னரே பரவியது.

மணலை நீக்குவதால் வரும் கடமை

மணற்படுகையில் வாழும் நுண்ணுயிர்களும் புழுக்களும் கழிவை ஓரளவு தின்று தீர்க்கின்றன. ஆழ்ந்த மணலில் நைட்ரேட்டு சிதைந்து நைட்ரஜன் வாயுவாக வெளியேறுகிறது. மணல் இல்லாத தொட்டியில் இவ்வுதவி இல்லை. பாறைத் துண்டுகளின் நுண்துளைகளில் அப்பணி சிறிதளவு நடைபெறும். எஞ்சிய கழிவு அழுகுமுன்பே தொட்டியை விட்டு வெளியேறிவிட வேண்டும். இம்முறையின் அடிப்படை இதுவே: கழிவைத் தொட்டிக்குள் செரிக்க வைப்பதன்று, செரிக்குமுன் வெளியேற்றுவது. மீனின் எச்சமும் உண்ணாது விட்ட தீனியும் அழுகினால் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் பெருகும். பாஸ்பேட்டு மிகுந்தால் பவளத்தின் சுண்ணாம்புக் கூடு வளர்வது தடைப்படும். நூற்பாசி படர்ந்து பவளத்தை மூடும்.

இதற்கு ஈடாகக் கிடைக்கும் நன்மை சிறிதன்று. மணல் பறக்கும் என்ற அச்சமின்றி அடிப்பரப்பின் மீதும் வலிய ஓட்டத்தைச் செலுத்தலாம். எங்கே கழிவு தேங்குகிறது என்பதும் கண்முன்னே தெரியும். மணல் உள்ள தொட்டியில் அது மறைந்து கிடந்து, சில ஆண்டுகளுக்குப்பின் திடீரெனத் தன் வேலையைக் காட்டும்.

துகள்கள் எவ்வளவு விரைவில் அடியில் படியும் என்பதைக் கணக்கிட்டறியலாம். 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 55 செ.மீ. நீராழமும் உள்ள தொட்டியைக் கொள்க. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 400 லிட்டர். நீரைவிடப் பத்தில் ஒரு பங்கு மட்டும் அடர்த்தி மிகுந்த துகள் ஒன்று 0.05 மில்லிமீட்டர் குறுக்களவு உடையதாயின், ஸ்டோக்ஸ் விதிப்படி அசையா நீரில் அது விநாடிக்கு 0.15 மில்லிமீட்டர் வீதம் இறங்கும். மேற்பரப்பிலிருந்து அடியை அடைய ஒரு மணி நேரம் ஆகும். குறுக்களவு இரு மடங்காயின் வேகம் நான்கு மடங்காகும். கால் மணி நேரத்திலேயே அடி சேரும். இப்போது கீழ்த்தொட்டியிலிருந்து மணிக்கு 1600 லிட்டர் நீர் மேலேறி, வழிவாய் வழியே மீண்டும் கீழிறங்குவதாகக் கொள்வோம். தொட்டி நீர் முழுவதற்கும் ஒப்பான அளவு கால் மணிக்கு ஒருமுறை வழிந்து செல்கிறது. ஆனால் வந்த நீரும் இருந்த நீரும் கலந்துவிடுவதால், ஒரு சுற்றில் எல்லாத் துகளும் போய்விடுவதில்லை. ஒரு சுற்றுக்குப்பின் நூற்றில் 37 பங்கும், இரண்டாம் சுற்றுக்குப்பின் 14 பங்கும், மூன்றாம் சுற்றுக்குப்பின் 5 பங்கும் எஞ்சியிருக்கும். ஆகவே மிகச் சிறிய துகள் வழிவாயைச் சென்றடையும். சற்றுப் பெரியவை அதற்குமுன் அடியில் விழும். விழுந்தவற்றை மீண்டும் எழுப்பி மிதக்க வைப்பது தொட்டிக்குள் உள்ள பம்புகளின் வேலை. ஒரு துகளை மூன்று சுற்றுக்காலம் மிதக்கவிட்டால் போதும், அஃது அநேகமாக வெளியேறிவிடும்.

எண்ணிக்கை மயக்கம்

'தொட்டியின் கொள்ளளவைப்போல் இத்தனை மடங்கு நீர் மணிக்குச் சுழல வேண்டும்' என்னும் வாய்பாடு எங்கும் வழங்கி வருகிறது. மென்பவளங்களுக்குப் பத்து மடங்கு, கிளைத்த கல்பவளங்களுக்கு இருபது முதல் நாற்பது மடங்கு என்பர். தொடக்கத்தில் பம்பு தெரிந்தெடுக்க இது உதவும். அதற்கு மேல் இதனை நம்புதல் கூடாது. பவளம் உணர்வது தன்மேல் படும் நீரின் வேகத்தையேயன்றி மணிக்கணக்கான லிட்டர்களை அன்று. நாற்பது மடங்கு நீரையும் ஒரே குறுகிய தாரையாகச் செலுத்தினால் ஒரு பவளத்தின் தோல் உரியும். மூன்று சாண் தொலைவில் மற்றொன்று தேங்கிய நீரில் வாடும்.

தாரையின் இயல்பை அறிந்தால் இது விளங்கும். 2 செ.மீ. வாயுள்ள குழாயிலிருந்து நீர் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வெளிப்படின், அது மணிக்கு ஏறத்தாழ 1130 லிட்டர் ஆகும். குழாய் வாயைக் கடந்தபின் தாரை சுற்றியுள்ள நீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு விரிகிறது. நடுவேகம் தொலைவுக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது. அரை மீட்டரில் அவ்வேகம் விநாடிக்கு 24 செ.மீ. அளவாகவும், ஒரு மீட்டரில் 12 செ.மீ. அளவாகவும் இருக்கும். அதே நீரை 4 செ.மீ. வாயின் வழியே விட்டால் புறப்படும் வேகம் கால் பங்காகும். ஆயினும் அரை மீட்டரில் வேகம் 12 செ.மீ. இருக்கும், அஃதாவது முன்னையதில் பாதியே குறைந்தது. புறப்படும் நீரின் இயக்க ஆற்றலோ பதினாறில் ஒன்றாகிவிடுகிறது. அகன்ற வாயும் தாழ்ந்த வேகமும் உடைய சுழல்விசிறிப் பம்புகள், குறுகிய தாரைப் பம்புகளைவிடக் குறைந்த மின்செலவில் மிகுந்த நீரை அசைப்பதன் காரணம் இதுவே. தாரை எதுவாயினும் அதன் நேர்முகத்தில் ஒரு முழத்திற்குள் பவளம் இருத்தல் ஆகாது.

பம்பின்மேல் பொறித்த எண்ணையும் அவ்வாறே ஐயத்துடன் நோக்க வேண்டும். நீரை உயர்த்தாமல் வெறுமனே ஓட்டும்போது கிடைக்கும் அளவு அது. கீழ்த்தொட்டியிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றும்போதும், வளைகுழாய்களைக் கடக்கும்போதும் அது பெரிதும் குறையும். மெய்யளவை அறியப் பத்து லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். வாளி 25 விநாடியில் நிரம்பினால் ஓட்டம் மணிக்கு 1440 லிட்டர். திங்களுக்கு ஒருமுறை இவ்வாறு அளந்து எழுதிவைப்பவர்க்குப் பம்பில் சுண்ணாம்பு படிவது முன்னரே தெரிந்துவிடும். படிந்த சுண்ணாம்பை நீரூற்றித் தளர்த்திய காடியில் ஊறவைத்துக் கரைக்கலாம்.

பாறையடுக்கும் பம்பு வைப்பும்

கழிவு தேங்குவதில் பெரும்பங்கு பாறையடுக்கின் பிழையால் நேர்வது. பாறைகளைச் சுவர்போல் பின்கண்ணாடியோடு சாய்த்து அடுக்குவது பார்வைக்கு நன்றாயிருக்கும். அதன் பின்னும் அடியிலும் நீர் புகாது. மணல் இல்லாத தொட்டியில் பாறை மூன்றே புள்ளிகளில் அடியைத் தொட்டு, எஞ்சிய பாகம் கால்கள்மேல் நிற்பதுபோல் உயர்ந்திருத்தல் நலம். பின்கண்ணாடிக்கும் பாறைக்கும் இடையே ஒரு கையாவது புகுமாறு இடம் விட வேண்டும். கண்ணாடி மீது பாறை நேரே அமர்ந்தால் விரிசல் காணும் அபாயம் உண்டு. ஆதலின் தடித்த நெகிழித் தகட்டை அடியிலிட்டு அதன்மேல் அடுக்குவர். சில திங்களில் செந்நிறக் கல்பாசி தகட்டின் மீது படர்ந்து அதன் செயற்கைத் தோற்றத்தை மறைத்துவிடும்.

பம்புகளை வைக்கும் முறையில் இரண்டு வேலைகள் கலந்துள்ளன. மேல்நீரை அசைத்து வாயு மாற்றத்தை நடத்துவது ஒன்று. அடியைத் துடைத்துக் கழிவை வழிவாயின் பக்கம் தள்ளுவது மற்றொன்று. நீள்தொட்டியில் ஒரு முனையின் மேற்பகுதியில் பம்பு நின்று மேற்பரப்பை ஒட்டி நீரைத் தள்ளினால், அது எதிர்க்கண்ணாடியில் மோதிக் கீழிறங்கி, அடியை ஒட்டித் திரும்பி வரும். தொட்டி முழுதும் ஒரு பெரும் சுழல் உண்டாகும். இச்சுழலைத் தடையின்றி ஓடவிடுவது, ஒன்றோடொன்று மோதும் பல பம்புகளை வைப்பதைவிடச் சிக்கனமானது. பம்புகள் எதிரெதிரே மோதும் இடத்தில் வேகம் அழிந்து, அதன் அடியில் கழிவு குவியும். எனினும் சுழல் என்றும் ஒரே திசையில் ஓடினால் பவளத்தின் நிழற்பக்கத்தில் மாறாத தேக்கம் நேரும். ஆகவே இரு முனைகளிலும் ஒவ்வொரு பம்பை வைத்து, சில மணிக்கு ஒருமுறை மாற்றி ஓட்டுதல் வேண்டும். கடலில் ஏற்றவற்றத்தால் திசை மாறுவதும் இத்தகைய இடைவெளியிலேயே ஆகும்.

நொடிக்கு நொடி விட்டுவிட்டு உந்தும் பம்புகளும் இக்காலத்தில் கிடைக்கின்றன. அவற்றின் உந்தல், தொட்டி நீரின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போனால் நீர் முழுதும் ஊஞ்சல்போல் ஆடத் தொடங்கும். மேலே கூறிய 120 செ.மீ. தொட்டியில் அவ்வாட்டத்தின் காலம் ஏறத்தாழ ஒன்றேகால் விநாடி. இவ்வாட்டம் பாறை இடுக்குகளிலுள்ள கழிவை வியக்கத்தக்கவாறு வெளிக்கொணரும். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் கண்ணாடி இணைப்புகள் இழுபடுகின்றன என்பதை மறத்தலாகாது. உறுதியான தாங்கிமேல் நிற்காத தொட்டியில் இதனை நெடுநேரம் இயக்குதல் கூடாது.

வெளியேறும் நீர் முதலில் வடிபை வழியே சென்று, பின்னர் நுரை பிரிப்பானை அடைய வேண்டும். வடிபையை மூன்று நாளுக்கு ஒருமுறையேனும் மாற்றாவிடில், பிடித்த கழிவு அங்கேயே அழுகிக் கரைந்து மீண்டும் தொட்டியை அடையும். மணலை நீக்கியதன் பயன் இதனால் வீணாகும். எத்துணை நன்றாக ஓட்டத்தை வகுத்தாலும் ஓரிரு மூலைகளில் கழிவு சேரவே செய்யும். வாரம் ஒருமுறை பீச்சாங்குழலால் பாறை இடுக்குகளை ஊதிவிட்டு, அரை மணி கழித்து மூலையில் சேர்ந்ததை வடிகுழலால் நீரோடு எடுத்துவிடலாம். எப்போதும் ஒரே மூலையில் சேருமாயின் அது குறையன்று, எடுப்பதற்கு எளிது. சில பணியாளர் வேண்டுமென்றே அவ்வாறு ஒரு மூலையை விட்டுவைப்பர்.

எல்லாப் பவளமும் ஒரே ஓட்டத்தை விரும்புவதில்லை. அக்ரோப்போரா, போசில்லோப்போரா முதலியன வலிய, மாறிமாறி வரும் ஓட்டத்தில் தடித்து நெருங்கிய கிளைகளை விடும். மந்தநீரில் அவற்றின் கிளைகள் மெலிந்து அகன்று போகும். நீண்ட சதைப்பற்றுள்ள உணர்கொம்புகளை உடைய கோனியோப்போரா போன்றவை வலிய ஓட்டத்தில் கொம்புகளை உள்ளிழுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் தோலுரிந்து வெண்கூடு தெரிந்தால் ஓட்டம் மிகை. மேற்புறத்தில் சளியும் துகளும் தங்கியிருந்தால் ஓட்டம் குறை. தீனி இடும்போது வலிய பம்புகளை ஒரு கால் மணி நேரம் நிறுத்திவைத்தல் வேண்டும். இல்லையேல் தீனி பவளத்தின் பிடிக்கு எட்டாமல் வடிபையைச் சேரும். மணலில் புதைந்து உறங்கும் மீனினங்களை இத்தகைய தொட்டியில் விடுதல் அவற்றிற்குக் கொடுமையாகும்.

வேகத்தை ஒப்பிடும் எளிய முறை

ஓட்டமானி இல்லாத நிலையங்களில் பாரிஸ் சாந்துக் கட்டிகளைக் கொண்டு ஓட்டத்தை ஒப்பிடலாம். ஒரே அச்சில் வார்த்த சிறு கட்டிகளை நன்கு உலர்த்தி, எடையிட்டு, தொட்டியின் பல இடங்களில் ஒரு நாள் வைத்தெடுத்து, மீண்டும் உலர்த்தி எடையிட வேண்டும். நீர் விரைந்தோடும் இடத்தில் கட்டி மிகுதியாகக் கரைந்திருக்கும். ஒரு கட்டியை அசையாத கடல்நீர் வாளியில் வைத்து, அதன் இழப்பை அடிப்படையாகக் கொள்ளல் வேண்டும். இம்முறை கடலாராய்ச்சியிலும் வழங்கி வருவதே. உயிருள்ள தொட்டியில் கட்டிகள் சிலவற்றை மட்டுமே ஒரு முறைக்கு வைக்க வேண்டும். அவை கரைவதால் நீரில் சுண்ணாம்புச் சத்து ஏறும்.

வகுப்பறையில் இதனினும் எளிதாகச் செய்து காட்டலாம். சிறு கண்ணாடித் தொட்டியில் குழாய்நீரை நிரப்பி, சில கூழாங்கற்களை அடுக்கி, சிறு பம்பு ஒன்றை ஓடவிட்டு, கொதிக்கவைத்து வடித்தெடுத்த தேயிலைத் தூளைச் சிறிது தூவுக. தூள் எங்கே பறக்கிறது, எங்கே குவிகிறது என்பதை மாணாக்கர் வரைந்துகொள்ளட்டும். பின்னர்க் கற்களைச் சுவராக அடுக்கியும், கால்கள்மேல் உயர்த்தியும், பம்பை இடம் மாற்றியும் வரைபடங்களை ஒப்பிடச் செய்யலாம். இறுதியில் ஆற்றுமணலைப் பரப்பி மீண்டும் தூவினால், அதே தூள் கண்ணுக்குத் தெரியாமல் மணலுள் மறைவதைக் காண்பர்.

மின்தடை

மேற்கூறிய தொட்டியின் உயிர்கள் ஒரு மின்கம்பியை நம்பி வாழ்கின்றன. 28 பாகை வெப்பமுள்ள கடல்நீரில் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று மிகுந்த பிராணவாயுவே கரையும். 400 லிட்டர் நீரில் உள்ள மொத்தப் பிராணவாயு இரண்டரை கிராம். ஒரு வாளி கொள்ளும் காற்றில் இருப்பது அவ்வளவே. ஓட்டம் நின்றால் மேற்பரப்பின் வழியே புதிதாகக் கரைவது மிகக் குறையும். இரவு நேரமாயின் பாசிகளும் உதவா. மீன், பவளம், நுண்ணுயிர் யாவும் அந்த ஒரு வாளிக் காற்றைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மீன் நிறைந்த தொட்டியில் சில மணி நேரத்தில் இழப்பு தொடங்கிவிடும். முதலில் பெரிய மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். அந்நிலையைக் காணுமுன்பே செயற்படுதல் வேண்டும்.

மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றை ஒவ்வொரு தொட்டிக்கும் நிலையாக இணைத்து, மின் நின்றதும் தானே ஓடுமாறு அமைத்தல் சிறந்தது. அஃது இல்லாத இடத்தில், குவளையால் நீரை முகந்து ஒரு முழ உயரத்திலிருந்து பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஊற்றிக்கொண்டிருந்தாலும் உயிர்கள் பிழைக்கும். மின் நின்ற பொழுதில் தீனி இடுதல் கூடாது. வடிபையையும் நுரை பிரிப்பானின் கோப்பையையும் அப்போதே கழற்றிவிட வேண்டும்; தேங்கிய கழிவு விரைவில் அழுகி, மின் மீண்டதும் அந்நீர் மேலேறும். பம்பு நின்றவுடன் மேல்தொட்டியின் நீர் குழாய் வழியே கீழிறங்குமாகையால், கீழ்த்தொட்டியில் அதற்குரிய வெற்றிடம் என்றும் இருத்தல் வேண்டும். புதிதாக அமைத்த தொட்டியில் பம்பைக் கையால் நிறுத்தி இதனைச் சோதித்துக் கொள்ளலாம். கடல்நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துவது. ஆதலின் ஒவ்வொரு கம்பியும் செருகியை அடையுமுன் ஒரு வளைவாகத் தாழ்ந்து, வழியும் துளி அங்கேயே சொட்டுமாறு கட்டப்பட வேண்டும். மின்கசிவுத் துண்டிப்பான் இன்றித் தொட்டியில் கைவைத்தல் ஆகாது. மின் மீண்ட பின்னர் எல்லாப் பம்புகளையும் ஒரே சமயத்தில் முடுக்காமல், முதலில் மேற்பரப்பை அசைப்பதையும், அரை மணி கழித்து அடியைத் துடைப்பதையும் ஓட்டலாம். படிந்த கழிவு முழுதும் ஒருங்கே எழும்பினால் எஞ்சிய பிராணவாயுவையும் அது உறிஞ்சிவிடும்.